ஒரு சொட்டு நிற்காத முற்றம்

என் வீட்டுப் பின்முற்றத்தைப் பார்க்க ஒரு காலத்தில் ஊரே வந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். தொண்டிக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கிற எங்கள் ஊருக்குக் கல்யாணத்துக்கு வந்தவர்கள்கூட, "அந்தச் செங்கல் பதிச்ச வீடு எது?" என்று விசாரித்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நானும் செருப்பை வெளியே கழற்றச் சொல்லி, உள்ளே அழைத்துப் போய், ஓரத்தில் நின்றுகொண்டு அவர்கள் முகத்தையே பார்ப்பேன். யாராவது "மாஷா அல்லாஹ்" என்று சொல்லும்வரை விடமாட்டேன். இப்போது அதை நினைத்தால் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளத் தோன்றுகிறது. ஐம்பத்தோரு வயதில் இப்படி ஒரு வெட்கத்தைச் சம்பாதிப்பேன் என்று நான் நினைக்கவில்லை.

எல்லாம் ஒரு போட்டோவில் ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் இருபது வருஷத்துக்கு மேலாக சவூதியில் ஒரு பெரிய வீட்டில் டிரைவராக இருக்கிறார். அந்த வீட்டின் பின்பக்கம் வானம் பார்த்த ஒரு முற்றம். தரை முழுக்கச் செங்கல். ஒரு கல்மேல் இன்னொரு கல் சாய்ந்த மாதிரி, மீன் முள் போலப் பதித்திருந்தது. நடுவில் வெள்ளை நாற்காலிகள், சுற்றிலும் பூந்தொட்டிகள். ஓரத்தில் என் வீட்டுக்காரர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் தண்ணீர்க் குழாயோடு நிற்கிறார்.

"அந்த நாக்காலில உக்காந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க" என்று கேட்டேன்.

"அது அவுக உக்கார்ற எடம் புள்ள. நான் கழுவுறவன்ல" என்று சிரித்தார்.

அவர் சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டார். எனக்குத்தான் அந்தச் சிரிப்பு அன்றைக்கு முழுக்கக் காதிலேயே கேட்டது. அடுத்த வருஷம் வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்துவிடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வரும்போது அதே மாதிரி ஒரு முற்றம் இருக்க வேண்டும், அதில் அவர் கால்மேல் கால் போட்டு உட்கார வேண்டும் என்று முடிவு செய்தேன். இதுவரைக்கும் என்மேல் தப்பில்லை. இதற்கு மேல் நடந்ததில், நான் தப்பு செய்யாத இடம் எது என்று தேடத்தான் வேண்டியிருக்கிறது.

அன்றிலிருந்து போனும் கையுமாக ஆனேன். செங்கல் முற்றம் என்று ஒரு தடவை தேடினால் போதும், அப்புறம் போன் நம்மை விடாது. நேராக வரிசை வைப்பது, பாய் பின்னல் மாதிரி இரண்டு குறுக்கே இரண்டு நெடுக்கே வைப்பது, நடுவில் ஒரு வட்டம் போட்டு அதைச் சுற்றிச் சுற்றிப் பதிப்பது, ஓரத்துக்கு மட்டும் கல்லை நிமிர்த்தி நட்டுக் கரை கட்டுவது என்று ஆயிரம் தினுசு. முருங்கை மரத்தைச் சுற்றி உட்காருகிற மாதிரி மேடை கட்டலாம். சுவரோரம் காகிதப்பூக் கொடி ஏற்றலாம். இரண்டு தூண் நட்டு ஊஞ்சல் போடலாம். ஒரு மாதம் பார்த்ததில் நானே இன்ஜினியர் ஆகிவிட்டேன். மகளுடைய பழைய நோட்டில் படம் வேறு வரைந்து வைத்தேன். நான் பார்த்த படங்கள் எல்லாவற்றிலும் ஒன்று மட்டும் பொதுவாக இருந்தது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே நறுக்கென்று ஒரு சிமெண்டுக் கோடு. ஒரு புல் கிடையாது, ஒரு எறும்பு கிடையாது, ஒரு பொட்டு மணல் கிடையாது. அந்தச் சுத்தம்தான் என்னைப் பிடித்து ஆட்டியது.

எங்கள் பின்பக்கம் அதுவரை வெறும் மணல்தான். காலில் ஒட்டி வீடு முழுக்க வரும். காலையில் கூட்டினால் மத்தியானம் மறுபடியும் கூட்ட வேண்டும். துணி காயப்போட்டால் மணல், கருவாடு காயப்போட்டால் மணல், படுக்கையை உதறினால் மணல். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதோடு மல்லுக்கட்டியவள் நான். அதை மூடிப்போட ஒரு வழி கிடைத்ததே என்றிருந்தது.

அந்த மணலின் கோடியில், சுவரை ஒட்டிக் கிணறு. ஒட்டி என்று சொன்னால்கூடச் சரியில்லை, சுவர் கிணற்றின் நடுவில்தான் போகிறது. மாமனார் மவுத்தான பிறகு அண்ணன் தம்பி இரண்டு பேரும் வீட்டைப் பாகம் பிரித்தபோது எல்லாவற்றையும் பிரித்தார்கள், கிணற்றை மட்டும் பிரிக்கவில்லை. நல்ல தண்ணீர்க் கிணற்றைப் பிரிக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் கிணற்று வாய்க்குக் குறுக்கே ஒரு கல் உத்திரத்தைப் போட்டு, அதன்மேல் சுவரை எழுப்பினார்கள். பாதி வாய் எங்கள் பக்கம், பாதி வாய் கொழுந்தன் பக்கம், கீழே ஒரே தண்ணீர். அந்தப் பக்கம் வாளி இறங்கினால் இந்தப் பக்கம் தண்ணீர் ஆடுவது தெரியும். அங்கே பேசினால் இங்கே கிணற்றுக்குள்ளிருந்து குரல் வரும்.

எங்கள் ஊரில் ஆழமாகத் தோண்டினால் எங்கேயும் உப்புத்தான். மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அந்த உப்புத் தண்ணீருக்கு மேலே பாலாடை மாதிரி நிற்கிறது. அந்த ஏட்டைத்தான் நாங்கள் குடிக்கிறோம். வாளியால் மெதுவாக மொண்டால் நல்ல தண்ணீர் வரும். மோட்டார் போட்டு உறிஞ்சினால் அடியில் கிடக்கிற உப்பு மேலே ஏறிவிடும். அதனால் நல்ல தண்ணீர்க் கிணற்றில் மோட்டார் வைக்கிற வீட்டை யாரும் மதிக்க மாட்டார்கள். இது எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். நானும் ஒரு நாள் வைத்ததில்லை. தண்ணீர் விஷயத்தில் நான் சுத்தம் என்கிற திமிர் அதிலிருந்துதான் வந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவள் என் கொழுந்தன் மனைவி. என்னைவிடப் பத்து வயது சின்னவள், என்னை லாத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிடுவாள். கொழுந்தன் மவுத்தாகி ஆறு வருஷமாகிறது. அவள் இடியாப்பம் அவித்துத்தான் பிழைக்கிறாள். சுபுஹுத் தொழுதுவிட்டு அடுப்பை மூட்டினால், விடிந்து கொஞ்ச நேரத்தில் தூக்குச் சட்டியோடு பெண்கள் வாசலில் வந்து நிற்பார்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் மாவைப் பிசைந்து அவள் அவிக்கிற இடியாப்பம் பூப்போல இருக்கும். தண்ணீரில் கொஞ்சம் உப்பு ஏறினாலும் அது கெட்டது. அந்தக் கிணறு இல்லையென்றால் அவளுக்கு அடுப்பு இல்லை.

கொத்தனார் திருவாடானைப் பக்கத்து ஆள். நாற்பது வயது இருக்கும். அவனும் மனைவியும் சேர்ந்தேதான் வேலைக்கு வருவார்கள், அவள்தான் சித்தாள். என் நோட்டை வாங்கிப் பார்த்தான். கிணற்றை எட்டிப் பார்த்தான். காலால் மணலைக் கிளறிப் பார்த்தான். அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டு ஆரம்பித்தான்.

"அக்கா, டிசைன் நல்லாத்தான் இருக்கு. ஆனா சிமெண்டு வேணாம். மணல மட்டம் பண்ணி, கல்ல நெருக்கி அடுக்கி, எடுக்குல மணலயே தூவி விட்டுர்றேன். கல்லு அசையாது. மழ பேஞ்சா தண்ணி கீழ எறங்கிரும்."

"மணல ஒழிக்கத்தானப்பா கல்லு போடுறேன். நீ என்னன்னா மறுபடியும் மணலத் தூவுறேங்குற."

"இந்த மண்ணு குடிக்கணும்க்கா. அது குடிச்சாத்தான் கெணத்துல ஊறும்."

"எடுக்குல புல்லு மொளைக்கும்."

"மொளச்சா புடுங்கிக்கிறலாம்."

"நான் எதுக்குப் புடுங்கிக்கிட்டு இருக்கணும்? படத்துல இருக்குற மாதிரி செய்யி. ஊருல வேற கொத்தனாரு இல்லாமலா போயிட்டாக?"

அந்தக் கடைசி வார்த்தையை நான் சொல்லியிருக்க வேண்டாம். அவன் மனைவி நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் என்னைப் பார்க்காமல் நூலைக் கட்ட ஆரம்பித்துவிட்டான். இரண்டு நாள் கழித்து, "வாட்டமாவது கெணத்துப் பக்கம் குடுக்கட்டாக்கா?" என்று ஒரு தடவை கேட்டான். தண்ணீர் தேங்கினால் பாசி பிடிக்கும், வழுக்கும், தெருப்பக்கமே சரிவாக வாட்டம் கொடு என்று சொல்லிவிட்டேன்.

சொன்னபடியே செய்து கொடுத்தான். கீழே ஜல்லிக் கலவையைக் கெட்டியாகப் போட்டு, மானாமதுரைப் பக்கத்துக் காளவாசலிலிருந்து வந்த செங்கலைத் தண்ணீரில் ஊறவைத்து, ரசமட்டம் வைத்து ஒவ்வொன்றாகப் பதித்தான். மீன் முள் கட்டு, ஓரத்துக்கு நிமிர்ந்த கல், முருங்கையைச் சுற்றி மேடை, இரண்டு தூண் நட்டு ஊஞ்சல். மாடியிலிருந்து வருகிற மழைக்குழாய் அதுவரை மணலில்தான் கொட்டும். இப்போது அந்தத் தண்ணீர் முற்றத்தில் விழுந்து, வாட்டத்தில் ஓடி, சுவருக்கு அடியில் வைத்த பைப் வழியாகத் தெருச் சாக்கடைக்குப் போய்விடும். வீடியோ காலில் காட்டினேன். "ஏய், அந்த வீட்டத் தூக்கிச் சாப்புட்டுருச்சே இது" என்றார் வீட்டுக்காரர். நான் அழுதுவிட்டேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. முதல் பெரிய மழை அன்று குடையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தை வீடியோ எடுத்தேன். நனைந்த செங்கல் ரத்தச் சிவப்பாக மின்னியது. தண்ணீர் கோடு போட்ட மாதிரி ஓடிப் பைப்புக்குள் விழுந்தது. அந்த வீடியோவைச் சொந்தக்காரர்கள் இருக்கிற வாட்ஸ்அப் குரூப் ஒன்று விடாமல் அனுப்பினேன். அதற்கப்புறம்தான் ஊர் வர ஆரம்பித்தது. ஒருத்தி ஊஞ்சல் எங்கே வாங்கினீர்கள் என்பாள், ஒருத்தி பாய் பின்னலா மீன் முள்ளா எது நல்லது என்பாள். நான் புதிதாக வாங்கிப் போட்ட வெள்ளை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, சின்ன முற்றத்துக்குப் பாய் பின்னல்தான் எடுப்பாக இருக்கும், சிமெண்டில் கொஞ்சம் கருப்புச் சாயம் கலந்தால் கோடு தெரியும் என்று ஆலோசனை சொல்வேன். அந்த வருஷம் நல்ல மழை. மார்கழிவரை பெய்தது. அத்தனையும் என் முற்றத்தில் விழுந்து தெருவுக்குப் போனது.

பிப்ரவரி ஆரம்பத்தில் ஒரு காலை தேத்தண்ணியை வாயில் வைத்தேன், கரித்தது. எங்கள் கிணறு கடுங்கோடையில், மே மாதக் கடைசியில் கொஞ்சம் சப்பென்று ஆகுமே தவிர, இப்படிக் கரித்ததில்லை. கிணற்றில் மொண்டு வெறும் தண்ணீரைக் குடித்துப் பார்த்தேன். நாக்கில் ஒட்டியது. எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. உப்பு ஏறினால் என்ன அர்த்தம்? மோட்டார். நான் வைக்கவில்லை. அப்படியென்றால் யார் வைத்தது? அந்தச் சமயம் கொழுந்தன் மனைவிக்கு வியாபாரம் கூடியிருந்தது, தொண்டியிலிருந்து ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் தினமும் இடியாப்பம் வாங்கிப்போக ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். எனக்கு அது போதுமாக இருந்தது. தலைத்துணியை இழுத்துப் போட்டுக்கொண்டு நேராக அவள் வாசலுக்குப் போனேன். ஆறேழு பெண்கள் தூக்குச் சட்டியோடு நின்றார்கள். அவர்கள் நிற்பது தெரிந்துதான் போனேன்.

"என்ன புள்ள, யாவாரம் பெருகிப் போச்சுன்னு கெணத்துல மோட்டார வச்சிட்டியா?"

அவள் கையில் இடியாப்பத் தட்டு இருந்தது. "இல்ல லாத்தா. வாளியிலதான் எறைக்கிறேன்."

"வாளியில எறைச்சா உப்பு எப்பிடி ஏறும்? யாருக்குக் காது குத்துற? நாலு காசுக்காகக் குடும்பத்துக் கெணத்தக் கெடுத்து வச்சிருக்கியே."

"வந்து பாருங்க லாத்தா" என்றாள்.

போய்ப் பார்க்கவும் செய்தேன். அதை எழுதத்தான் கை கூசுகிறது. அவள் வீட்டுக்குள் நுழைந்து, அடுப்படியைத் தாண்டி, சந்து மாதிரி இருக்கிற அவள் பின்பக்கத்துக்குப் போய், கிணற்று வாயைச் சுற்றிக் குனிந்து பார்த்தேன். ஒயர் இல்லை, குழாய் இல்லை. ஒரு வாளியும் கயிறும் கிடந்தன. மூலையில் அடுக்கியிருந்த ஓலைக்குப் பின்னால் ஏதாவது இருக்குமோ என்று பார்த்தேன். அவளே வந்து ஓலையை எடுத்துக் காட்டினாள். அப்போது அவள் கையைப் பார்த்தேன். கயிறு இழுத்து இழுத்து இரண்டு உள்ளங்கையும் காய்த்துப்போய், விரலடியில் வெடித்திருந்தது. அந்த இடத்திலாவது நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். வாசலில் அத்தனை பேர் நிற்கிறார்களே, வெறுங்கையோடு எப்படித் திரும்பிப் போவது என்று இருந்தது. "கழட்டி எங்கிட்டாவது ஒளிச்சு வச்சிருப்ப" என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரிச் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தச் சொல் தெருவில் நின்றுவிட்டது. மோட்டார் வைத்தவள் என்று அவள் பெயர் ஆனது. கிணறும் நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே போனது. அவள் தண்ணீர் வண்டியில் குடம் குடமாக வாங்கி மாவு பிசைந்தாள். வண்டி வராத நாளில் இடியாப்பம் இல்லை. தொண்டிக் கடைக்காரர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். தூக்குச் சட்டிகள் குறைந்தன. நாங்களும் வண்டித் தண்ணீர்தான் வாங்கினோம், ஆனால் எங்களுக்கு அது தொல்லை மட்டும்தான்.

நோன்பு மாதத் தொடக்கத்தில்தான் எனக்குப் புரிந்தது. கீழக்கரையில் இருக்கிற என் பெரியம்மா மகள் என் வீடியோவையே எனக்குத் திருப்பி அனுப்பி, தானும் முற்றம் போடப் போவதாகவும், அந்தக் கொத்தனார் நம்பர் வேண்டும் என்றும் கேட்டிருந்தாள். மத்தியானம், வீட்டில் யாரும் இல்லை. சும்மா அதைப் போட்டுப் பார்த்தேன். மழைச் சத்தத்துக்கு மேலே என் குரல் கேட்டது. "பாருங்க, ஒரு சொட்டு நிக்கலே. பேயிறது அம்புட்டும் வெளிய ஓடிருது." எவ்வளவு குஷியாகச் சொல்லியிருக்கிறேன். இரண்டாவது தடவை போட்டுப் பார்த்தேன். கொத்தனார் சொன்னது காதில் விழுந்தது. மண் குடிக்க வேண்டும். கிணற்றுக்கு ஊட்டுகிற மணல் முழுக்க என் பக்கத்தில்தான் இருந்தது, அவள் பக்கம் ஒரு சந்துதானே. அதன் வாயை நான் சிமெண்டு வைத்து அடைத்துவிட்டு, அவள் மோட்டார் வைத்தாள் என்று தெருவில் நின்று கத்தியிருக்கிறேன். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

உடனே ஓடிப்போய் அவளிடம் சொன்னேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். சொல்லவில்லை. நோன்பு பிடித்துக்கொண்டு, தொழுதுகொண்டு, துஆக் கேட்டுக்கொண்டு, ஒரு மாதம் அந்தப் பொய்யை வயிற்றில் வைத்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் வாளிச் சத்தம் கேட்டால் உள்ளே போய்விடுவேன். இன்னும் கேவலமானது ஒன்று இருக்கிறது. மூலை வீட்டுக்காரி என்னைப் பார்த்துத் தானும் செங்கல் பதிக்க ஆசைப்பட்டு வந்தாள். அவள் வீட்டிலும் நல்ல தண்ணீர்க் கிணறு உண்டு. "எடுக்குல சிமெண்டுதான போடணும் லாத்தா?" என்று கேட்டாள். உண்மை தெரிந்த பிறகு கேட்கப்பட்ட கேள்வி அது. "அப்புறம் பாத்துச் சொல்றேன்" என்று மழுப்பி அனுப்பிவிட்டேன்.

பெருநாள் கழிந்து நாலைந்து நாள் இருக்கும். காலையில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து புகை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. விசாரித்தால், அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் தொண்டிக்கு பஸ்ஸில் போகிறாளாம். யாருக்கு இடியாப்பம் போட்டாளோ அதே சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறாளாம். நான் முருங்கை மேடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, மோட்டார் என்று கத்தியது முதல் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் கொட்டினேன்.

"இத அவகிட்டச் சொல்லிட்டியா?" என்றார்.

"இன்னும் இல்ல."

"அப்ப எங்கிட்ட எதுக்குச் சொல்ற?"

என்னை அவர் அப்படிப் பேசியதே இல்லை. போனை வைத்துவிட்டார். அன்றைக்கே கொத்தனாரைக் கூப்பிட்டேன்.

அவன் மறுநாள் கடப்பாரையோடு வந்தான். சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கல்லை மட்டும் எடுத்தால் போதாது, கீழே போட்ட கலவை முழுவதையும் உடைக்க வேண்டும் என்றான். உடைக்கச் சொன்னேன். பாதிக்குப் பாதிக் கல் உடைந்துதான் வந்தது. சத்தம் கேட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "ஐயையோ, இம்புட்டு அழகா இருந்துச்சே, எதுக்கு ஒடைக்கிறீக?" என்று கேட்டார்கள். என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "வேற டிசைன் போடலாம்னு இருக்கேன்." கொத்தனாரின் மனைவி சட்டியில் உடைந்த செங்கலை அள்ளிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

கூலி வாங்க வந்த கொத்தனாரிடம், "மூலை வீட்டுலயும் சிமெண்டு வேணாம்னு நீயே சொல்லிருப்பா" என்றேன்.

"நான் சொன்னா எடுபடாதுக்கா" என்றான். "நீங்கதான் சொல்லணும்."

சொன்னேன். மறுநாள் காலையில் மூலை வீட்டுக்குப் போய், கிணறு ஏன் உப்பானது, யார் கெடுத்தது, மோட்டார் என்று நான் சொன்னது அபாண்டம், எல்லாவற்றையும் சொன்னேன். அவளிடம் சொன்னால் சாயங்கால அஸர் தொழுகைக்குள் தெரு முழுக்கப் போய்விடும், நான் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்க வேண்டாம் என்பதும் ஒரு கணக்கு. அதுதான் நடந்தது. சாயங்காலம் கடைக்குப் போனபோது பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மிச்சம் இருந்தது கொழுந்தன் மனைவி ஒருத்திதான், சொல்ல வேண்டிய முதல் ஆளும் அவள்தான்.

அவள் ஐந்தரை பஸ்ஸில் வருவாள் என்று தெரியும். உடைத்துப்போட்ட கல் குவியலைத் தாண்டி, கிணற்றுப் பக்கம் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் வாளியை எடுக்கிற சத்தம் கேட்டது. அவள் வாசலுக்குப் போயிருக்க வேண்டும். முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கிணற்றுக்குள் குனிந்துகொண்டுதான் பேசினேன்.

"புள்ள, நாந்தான். கெணத்தக் கெடுத்தது நீ இல்ல. நான் போட்ட கல்லுதான். ஒம்மேல அபாண்டமாச் சொல்லிட்டேன். என்னய மன்னிச்சிரு."

அவள் குரல் கீழேயிருந்து வந்தது, சாதாரணமாக.

"எனக்குத் தெரியும் லாத்தா."

"இன்னைக்குத் தெருவுல சொன்னாகளா?"

"இல்ல. நீங்க கல்லுப் போட்டப்பவே தெரியும். கொத்தனாரு பொண்டாட்டி குடிக்கத் தண்ணி கேட்டு எங்கிட்டத்தான் வருவா. இப்பிடிப் பண்ணுனா கெணறு போயிரும்னு அப்பவே சொன்னா."

உத்திரத்தைப் பிடித்துக்கொண்டேன். "தெரிஞ்சுமா அன்னைக்கு அம்புட்டுப் பேருக்கு முன்னால நான் கத்துனப்ப வாயத் தொறக்காம நின்ன? ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா எம்பக்கத்துக் கெணத்து வாய அடச்சிருவீகன்னு பயமா இருந்துச்சு லாத்தா" என்றாள். "கெணறு பத்திரத்துல ஒங்க வீட்டு மச்சான் பேருலதான இருக்கு. உப்பா இருந்தாலும் பொழங்குறதுக்காவது ஆகும்னு பேசாம இருந்துட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் இத்தனை மணிக்கு வரும் என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

நான் அப்படிச் செய்கிற ஆளா புள்ள என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அன்று காலை எனக்கிருந்த ஆத்திரத்தில், அத்தனை பெண்களுக்கு முன்னால் அவள் என் முற்றத்தால்தான் கெட்டது என்று சொல்லியிருந்தால், மத்தியானத்துக்குள் ஆளை வைத்து அவள் பக்கத்து வாயை அடைத்திருப்பேன். கிணற்றைப் பிரிக்கக் கூடாது என்கிற வழக்கமெல்லாம் எனக்கு அப்போது ஞாபகத்துக்கு வந்திருக்காது. அடைத்துவிட்டு, நியாயமும் பேசியிருப்பேன். இத்தனை வருஷம் சுவருக்கு அந்தப் பக்கமே இருந்தவளுக்கு அது தெரிந்திருந்தது.

வாளி இன்னும் தண்ணீரைத் தொடவில்லை. அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ரெண்டு வாளி மொண்டுக்கிறவா லாத்தா?" என்று கேட்டாள்.